மொழி ஆய்வகத்தின் இரண்டாவது செவி

முப்பது மாணவர் அமர்ந்திருக்கும் மொழி ஆய்வகம். பாடவேளை 45 நிமிடம். ஆசிரியர் தம் மேசையிலிருந்து ஒவ்வொருவர் இணைப்பையும் திறந்து, பேசுவதைச் செவிமடுத்துத் திருத்த முனைந்தால் ஒருவருக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். வருகைப் பதிவும் 'ஹலோ, கேக்குதா?' என்ற மைக் சோதனையும் போனால் அதுவும் தேறாது. மீதி நேரமெல்லாம் மாணவர் பேசுகிறார், கேட்க ஆளில்லை. ஒலிநாடாக் காலம் முதலே மொழி ஆய்வகத்தின் அடிப்படைச் சிக்கல் இந்தக் கணக்குதான். கருவிகள் மாறின, அறையின் தோற்றம் மாறியது. திருத்தக்கூடிய செவி மட்டும் ஒன்றாகவே இருந்தது.

அந்த எண்ணிக்கை இப்போது மாறத் தொடங்கியிருக்கிறது. பேச்சை உணர்ந்து மதிப்பிடும் மென்பொருள் ஆய்வகத்துக்கு இரண்டாவது செவியாக வந்து சேர்ந்துள்ளது. டிஜிட்டல் தொழில்நுட்பம் மொழி ஆய்வகத்தில் செய்த மாற்றங்களில் இதுவே முதன்மையானது. அந்தச் செவி எப்படிப் பழக்கப்பட்டது, எதைப் பிடிக்கும், எதைத் தவறவிடும் என்று பாராமல் கருவிகளை வாங்கிக் குவித்தால், மொழி ஆய்வகம் ஒருமுறை கண்ட ஏமாற்றத்தை மறுபடியும் காணும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

நாடாக் காலத்தின் பாடம்

பதிவுசெய்த குரலைக் கொண்டு மொழி கற்பிக்கும் முயற்சி ஒலித்தட்டுக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. லிங்குவாஃபோன் நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மொழிப் பாடங்களைப் பதிவுசெய்து விற்றது. ஆனால் ஆய்வகத்தை அரசுத் திட்டமாக்கியது பனிப்போர். 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. மறு ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கா தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அறிவியல், கணிதம் ஆகியவற்றோடு அயல்மொழிக் கல்வியும் நாட்டுப் பாதுகாப்பின் பகுதியாயிற்று. கருவிகள் வாங்கக் கூட்டரசு நிதி கிடைத்ததால் சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கான உயர்நிலைப் பள்ளிகள் மொழி ஆய்வகம் அமைத்தன.

அந்த ஆய்வகத்தின் உயிர்நாடி இரட்டைத்தட நாடா. ஒரு தடத்தில் மாதிரிக் குரல் இருக்கும்; அதை மாணவரால் அழிக்க முடியாது. மறு தடம் மாணவருடையது; எத்தனை முறையும் அழித்துப் பதியலாம். மாதிரியைக் கேட்டு, விட்ட இடைவெளியில் திருப்பிச் சொல்லி, நாடாவைப் பின்னோட்டி இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்வதுதான் பயிற்சி. மொழி என்பது தூண்டலும் துலங்கலுமாகப் படியும் பழக்கம் என்ற நடத்தையியல் நம்பிக்கை இதற்குத் துணைநின்றது. அந்த நம்பிக்கையின் பெருநூலாக பி. எஃப். ஸ்கின்னரின் 'வெர்பல் பிஹேவியர்' 1957இல் வெளிவந்தது. 1959இல் நோம் சாம்ஸ்கி எழுதிய மதிப்புரை அதன் அடித்தளத்தையே கேள்விக்கு உட்படுத்தியது.

களத்திலும் கேள்விகள் எழுந்தன. நியூயார்க் பெருநகர்ப் பகுதிப் பள்ளிகளில் பிரெஞ்சு பயின்ற மாணவரிடையே ரேமண்ட் கீட்டிங் நடத்திய ஆய்வு 1963இல் வெளியானது. ஆய்வகம் பயன்படுத்திய வகுப்புகள் மற்ற வகுப்புகளை விஞ்சிவிடவில்லை என்றது அது. ஆய்வு முறை கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. ஆனாலும் 1960களின் பிற்பகுதியில் பென்சில்வேனியா மாநிலப் பள்ளிகளில் நடந்த பெரிய ஒப்பாய்வும் ஆய்வகத்தால் குறிப்பிடத்தக்க பயன் விளைந்ததாகக் காட்டவில்லை. அடுத்த பத்தாண்டில் பல ஆய்வகங்கள் பூட்டப்பட்டன, சில சாமான் அறைகளாயின.

ஏன் இப்படி ஆயிற்று? சலிப்பூட்டும் பயிற்சி, பழுதாகும் கருவி, பயிற்சி பெறாத ஆசிரியர் எனப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. எல்லாம் உண்மையே. ஆனால் அமைப்பின் மையத்திலேயே ஒரு குறை இருந்தது. மாதிரிக் குரலையும் தன் குரலையும் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டியவர் மாணவர். அயல்மொழியின் வேறுபாடுகளைப் பிரித்தறியாதது அவருடைய செவி. தாய்மொழி பழக்கிய செவி, தாய்மொழியில் இல்லாத வேறுபாட்டைக் கடந்து போய்விடும். ஆங்கிலத்தின் 'வெஸ்ட்' என்ற ஒரே தமிழ் எழுத்துக்கூட்டில் மேற்கும் அடங்கும், உள்சட்டையும் அடங்கும். தம் 'வ'கர ஒலி இரண்டுக்கும் பொருந்துவதாகவே கேட்கும் மாணவர், நாடாவை நூறு முறை ஓட்டினாலும் தாம் சரியாகச் சொல்வதாகவே முடிவுசெய்வார். பயிற்சி தேவைப்பட்ட செவியையே நடுவராக உட்காரவைத்ததுதான் நாடா ஆய்வகத்தின் பிழை.

கோப்பு தந்த வசதிகள்

நாடா போய்க் கணினிக் கோப்பு வந்ததும் முதலில் கிடைத்தவை வசதிகள். குறிப்பிட்ட வாக்கியத்தைத் தேடி முன்னும் பின்னும் ஓட்டவேண்டியதில்லை, தொட்டதும் அது ஒலிக்கும். நாடாவை மெதுவாக ஓட்டினால் குரல் கட்டைக் குரலாகிவிடும்; மென்பொருளோ சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கும். முப்பது பேரின் பதிவுகளும் சர்வரில் சேர்ந்துவிடுவதால் ஆசிரியர் பின்னர் ஆற அமரக் கேட்கலாம்.

வசதிக்கும் அப்பால் போன மாற்றங்கள் இரண்டு. முதலாவது, ஒலி கண்ணுக்குத் தெரிந்தது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் போயர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய 'பிராட்' என்ற இலவச மென்பொருள், ஒலியியல் ஆய்வுக்கூடத்தில் மட்டும் இருந்த அலைவரைவையும் சுருதிக் கோட்டையும் எந்தக் கணினியிலும் கொண்டுவந்தது. ஆங்கிலச் சொல்லழுத்தம் தமிழ் மாணவர் பலருக்குச் செவியில் பிடிபடாது. 'போட்டோகிராஃப்' என்னும்போது முதல் அசையிலும், 'போட்டோகிராஃபர்' என்னும்போது இரண்டாம் அசையிலும் அழுத்தம் விழுவதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். சுருதிக் கோடு ஏறும் இடத்தைத் திரையில் பார்த்தால் எளிதில் விளங்கும்.

இரண்டாவது, குரல்கள் பலவாயின. நாடா ஆய்வகத்தில் பெரும்பாலும் ஒரே குரல்தான் பாடம் நடத்தும். மாணவர் அந்தக் குரலுக்குப் பழகுவார், வெளியே வேறொருவர் பேசினால் தடுமாறுவார். 1991இல் லோகன், லைவ்லி, பிசோனி ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிகாட்டியது. ஆங்கிலத்தின் ரகர லகரங்களைப் பிரித்தறியத் திணறும் ஜப்பானியர்களுக்குப் பலருடைய குரல்களில், பல சொற்சூழல்களில் அவ்வொலிகளைக் கேட்கவைத்து, சரியா தவறா என்று உடனுக்குடன் சொன்னார்கள். கற்றவர்களின் செவி தேர்ந்தது. இந்தத் தொடரில் 1997இல் வந்த ஆய்வு, வாய்ப்பயிற்சி எதுவும் தராமலே, கேட்கும் பயிற்சியால் மட்டும் அவர்களின் உச்சரிப்பும் மேம்பட்டதைக் காட்டியது. வளர்ந்தவரின் செவியையும் பழக்கமுடியும், அதற்கு ஒரே குரலை நூறு முறை கேட்பதைவிடப் பல குரல்களைக் கேட்பது துணைசெய்யும் என்பது இதிலிருந்து பெறப்படுவது. கணினிக்கு இது எளிய வேலை. விலையுயர்ந்த எந்தச் செயலியும் இதற்குத் தேவையில்லை. ஆனால் இன்றைய ஆய்வகங்களில் மிகக் குறைவாகப் பயன்படுவதும் இதுதான்.

இயந்திரம் எப்படிக் கேட்கிறது

உச்சரிப்புக்கு மதிப்பெண் போடும் மென்பொருள்களின் அடிப்படை முறையை அறிய கேம்பிரிட்ஜில் சில்கே விட்டும் ஸ்டீவ் யங்கும் செய்து 2000இல் வெளியிட்ட ஆய்வு உதவும். மாணவர் படிக்கவேண்டிய வாக்கியம் கணினிக்கு முன்பே தெரியும். அவர் பேசிய ஒலியை அது அந்த வாக்கியத்தின் ஒலியன்களோடு வரிசையாகப் பொருத்துகிறது. எந்த ஒலியன் எந்த நொடித்துளியில் தொடங்கி எங்கே முடிகிறது என்று பிரிக்கிறது. பிறகு ஒவ்வொரு துண்டிலும், 'இங்கே வரவேண்டிய ஒலி இது. வந்திருப்பது இதுவாக இருக்க எவ்வளவு வாய்ப்பு, வேறொன்றாக இருக்க எவ்வளவு வாய்ப்பு?' என்று கணக்கிடுகிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியே மதிப்பெண். இன்றைய நரம்பு வலைப்பின்னல் மாதிரிகள் கணிப்பை வெகுவாகக் கூர்மையாக்கிவிட்டன. இந்தத் தர்க்கம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

இந்தச் செவியின் பலம் பொறுமை. நாற்பதாவது முறை தவறினாலும் முகம் சுளிக்காது. ஒன்றரை நிமிடக் கணக்கை இது உடைக்கிறது: முப்பது மாணவரையும் ஒரே நேரத்தில், பாடவேளை முழுவதும் கேட்கும். பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்துவிடுவாரோ என்று ஆங்கிலத்தில் வாய்திறக்கக் கூசும் முதல் தலைமுறைக் கல்லூரி மாணவருக்கு இது சின்ன உதவியன்று.

பலவீனம் மூன்று இடங்களில் இருக்கிறது. ஒன்று, மதிப்பெண் எதையும் விளக்காது. திரையில் 72 என்று வந்தால், நாக்கை எங்கே வைக்கவேண்டும், உதட்டைக் குவிக்கவேண்டுமா என்பது தெரியாது. மாணவர் அதே தவறை இன்னும் உரக்கச் சொல்லிப் பார்ப்பார்.

இரண்டு, பேச்சை எழுத்தாக்கும் பொது மாதிரிகள் தவறைப் பொறுத்துப்போகும்படி பழக்கப்பட்டவை. ஓப்பன்ஏஐ 2022இல் வெளியிட்ட விஸ்பர், இணையத்திலிருந்து திரட்டிய 6,80,000 மணிநேர ஒலியில் பயிற்சி பெற்றது. இத்தகைய மாதிரி காதில் விழுந்ததோடு நிற்காமல், வாக்கியத்தில் அடுத்து வரக்கூடிய சொல்லையும் ஊகிக்கிறது. மாணவர் கொச்சையாகச் சொன்னாலும் திரையில் சரியான வாக்கியம் வந்துவிடலாம். கூட்டக் குறிப்பு எடுப்பவருக்கு அது வரம். கற்பவருக்கோ தன் தவறே தெரியாமல் போகிறது. பேச்சை உணரும் திறன் வளர வளர, தவறைச் சுட்டும் பணிக்கு அதே கருவி பொருந்தாமல் போவது இத்துறையின் விந்தையான முரண்.

மூன்றாவது பலவீனம், அந்தச் செவி யாருடைய பேச்சைக் கேட்டு வளர்ந்தது என்பது. அதற்குத் தனியே இடம் தரவேண்டும்.

யாருடைய பேச்சு அளவுகோல்?

டிரேசி டெர்விங், முரே மன்ரோ, மைக்கேல் கார்பனாரோ மூவரும் 2000இல் ஓர் எளிய சோதனையின் முடிவை வெளியிட்டனர். அன்று பெயர்பெற்ற பேச்சுணரி மென்பொருள் ஒன்றிடம் ஆங்கிலத் தாய்மொழியாளர் பேசியபோது சுமார் 90 விழுக்காடு சொற்களைச் சரியாகப் பிடித்தது. கான்டனீஸ், ஸ்பானிய மொழிக்காரர்கள் பேசியபோது 70 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. அதே பேச்சை மனிதர் கேட்டபோது பெரும்பாலும் புரிந்துகொண்டார்கள். புரியும்படி பேசியவர்களையே இயந்திரம் தவறியவர்களாகக் காட்டியது.

அதன்பின் தொழில்நுட்பம் வெகுதூரம் வந்துவிட்டது. ஆனால் 2020இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அமேசான், ஆப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் பேச்சுணரிகளைச் சோதித்தபோது, வெள்ளை அமெரிக்கரின் பேச்சில் நூற்றுக்கு 19 சொற்கள் பிழையாயின. கறுப்பின அமெரிக்கரின் பேச்சில் 35. இவர்கள் எவரும் ஆங்கிலம் கற்கும் அயலார் அல்லர், பிறந்ததுமுதல் அம்மொழியில் வாழ்பவர்கள். பயிற்சித் தரவில் எவருடைய பேச்சு குறைவோ அவரை இயந்திரம் குறைவாகவே புரிந்துகொள்கிறது.

இதை மன்ரோவும் டெர்விங்கும் 1995 முதல் வலியுறுத்திவரும் ஒரு கண்டுபிடிப்போடு சேர்த்துப் படிக்கவேண்டும். அயல்மொழிச் சாயல் தூக்கலாக இருக்கும் பேச்சும் முழுமையாகப் புரியக்கூடும். சாயல் வேறு, புரிதல் வேறு. உச்சரிப்புக் கல்வி ஆய்வாளர்கள் பலர் இன்று இலக்காகக் கொள்வது புரியும்படி பேசுவதை. தாய்மொழியாளரைப் போல் ஒலிப்பதை அன்று. ஆனால் மென்பொருள் அளப்பது பெரும்பாலும் தன் மாதிரிக் குரலுக்கும் மாணவர் குரலுக்கும் உள்ள தொலைவை. மதுரைக்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் 'ர'கரத்தை நாக்கதிரச் சொன்னால் யாருக்கும் பொருள் குழம்பாது. அவரே சொல்லழுத்தத்தை இடம் மாற்றினால் எதிரே இருப்பவர் 'என்ன?' என்று கேட்கக்கூடும். முன்னதற்கும் பின்னதற்கும் ஒரே அளவு மதிப்பெண் குறைக்கும் கருவி மாணவரின் உழைப்பை வேண்டாத இடத்தில் செலவழிக்கவைக்கிறது.

தமிழ் கற்கும் இடத்தில்

தமிழையே அயல்மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கற்போருக்கு இச்சிக்கல் இன்னொரு வடிவம் கொள்கிறது. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் விலகி நிற்பதால், ஆய்வகத்தின் மாதிரிக் குரல் எதைப் பேசவேண்டும் என்பதே முதல் கேள்வி. 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று கற்றவர் சென்னையில் இறங்கினால் காதில் விழுவது 'வந்துட்டிருக்கேன்', 'வந்துகிட்டிருக்கேன்'. சிங்கப்பூரில் 2005இல் தமிழ்க் கல்வியை மறுஆய்வு செய்த குழு, பள்ளியில் பேச்சுத் தமிழுக்கும் இடம் தரப் பரிந்துரைத்தது. பின்வந்த பாடத்திட்டங்கள் அதை ஏற்றன. அங்கே தாய்மொழி வாய்மொழித் தேர்வுகளில் காணொளியைப் பார்த்துவிட்டு அதுபற்றி உரையாடும் முறையும் வந்தது. பத்தியை உரக்கப் படித்துக் காட்டுவதோடு, கண்டதைத் தன் சொற்களில் பேசும் திறனும் மதிப்பிடப்படுகிறது. தொழில்நுட்பம் எந்த இடத்தில் புகவேண்டும் என்பதற்கு இது நல்ல முன்மாதிரி.

ஒலிகளிலும் ஒற்றை அளவுகோல் தமிழில் செல்லாது. 'ழ'கரம் தென்மாவட்டங்களில் பலர் வாயில் 'ள'கரமாகிறது. சென்னைப் பேச்சில் சிலரிடம் 'ய'கரமாகிறது. 'ர', 'ற' வேறுபாடு தமிழகப் பேச்சில் பெரிதும் மங்கிவிட்டது. 'காற்று' என்பதில் வரும் றகர இரட்டையை யாழ்ப்பாணத்தார் ஒலிக்கும் விதமும் தமிழகத்தில் ஒலிக்கும் விதமும் வேறு. டொரண்டோவில் யாழ்ப்பாணத்துப் பெற்றோரிடம் தமிழ் கேட்டு வளரும் சிறுமியை, தமிழகச் செய்தி வாசிப்பாளர்களின் குரலில் பழகிய மென்பொருள் 'பிழை' என்று சொன்னால், தவறு சிறுமியிடம் இல்லை.

தரவும் குறைவு. விஸ்பரின் பயிற்சி ஒலியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலம். ஆங்கிலம் தவிர்த்த 96 மொழிகளுக்கும் சேர்த்து எழுத்தாக்கப் பயிற்சிக்குக் கிடைத்தது 1,17,000 மணிநேரம். அந்த 96இல் ஒன்று தமிழ். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்தியாவின் 22 அட்டவணை மொழிகளிலும் பல மாவட்ட மக்களின் இயல்பான பேச்சைத் திரட்டிவருவதும், மொஸில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் தன்னார்வலர்கள் தமிழ்க் குரல் அளிப்பதும் இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சிகள். ஆனால் இவை பெரும்பாலும் தமிழைத் தாய்மொழியாகப் பேசுவோரின் குரல்கள். தமிழ் கற்கும் ஒருவர் எங்கே தடுமாறுவார் என்பதை இயந்திரத்துக்குக் கற்பிக்க, கற்போரின் பேச்சும் ஆசிரியர் குறித்த திருத்தங்களும் தனியே தொகுக்கப்படவேண்டும்.

அறை இன்னும் எதற்கு?

கைப்பேசியிலேயே எல்லாம் இருக்கும்போது ஆய்வக அறை தேவையா என்று நிர்வாகங்கள் கேட்கின்றன. 2020இல் கல்லூரிகள் மூடப்பட்டபோது பயிற்சியின் பெரும்பகுதி வீட்டுக்கே போனது. ஆனால் கூட்டுக் குடித்தனத்திலும் விடுதியின் ஆறு பேர் அறையிலும் ஆங்கிலத்தில் உரக்கப் பேசிப் பழக ஒரு மூலை கிடைப்பதில்லை. அமைதியும் நல்ல மைக்கும் இல்லாத இடத்தில் பேச்சுணரியின் கணிப்பும் சரியும். அந்த வகையில் அறைக்கு மதிப்பு உண்டு.

அந்த மதிப்புக்கு ஒரு வரம்பும் உண்டு. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் கையேடுகள் பொறியியல் கல்லூரிகளில் ஆயிரம் மாணவருக்கு 25 கணினிகள் கொண்ட மொழி ஆய்வகம் இருக்கவேண்டும் என்று சொல்லிவந்துள்ளன. வாரம் நாற்பது மணிநேரம் ஒரு நாற்காலியும் காலியில்லாமல் நடத்தினால்தான் ஒரு மாணவருக்கு வாரம் ஒரு மணிநேரம் கிடைக்கும். தேர்வு, விடுமுறை, இணையவழித் தேர்வுக்கு ஆய்வகத்தை எடுத்துக்கொள்வது, பழுதான ஹெட்செட் எல்லாம் போக எவ்வளவு மிஞ்சும் என்று கல்லூரியில் இருப்பவர்களுக்குத் தெரியும். திரும்பத் திரும்பச் சொல்லும் பயிற்சியை இந்த ஒரு மணிநேரத்தில் நடத்துவது வீண். அது கைப்பேசிக்குப் போகட்டும்.

அறையில் நடக்கவேண்டியது வேறு. ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியாமல், 'மறுபடி சொல்லுங்க' என்று கேட்டு, சொன்னவர் வேறு சொல்லால் விளக்கும் அந்த நொடியில்தான் மொழி கூர்மையடைகிறது என்று மைக்கேல் லாங் முதலான மொழிக்கல்வி ஆய்வாளர்கள் நீண்டகாலமாகச் சொல்லிவந்துள்ளனர். இப்போது பரவும் உரையாடல் செயலிகள் இந்த நொடியைத்தான் பறிக்கின்றன. அவை நன்றாக ஊகிப்பவை. பாதி சொன்னாலே முழுதும் புரிந்ததுபோல் பதில் தரும், உடைந்த வாக்கியத்தையும் பாராட்டும். துணிச்சல் வளர அது நல்லது. புரியவைக்கும் பொறுப்பு வளர, புரியாமல் விழிக்கும் இன்னொரு மனிதர் எதிரே வேண்டும். ஹெட்செட்டைக் கழற்றி இருவரை எதிரெதிரே உட்காரவைப்பதும் இன்றைய மொழி ஆய்வகத்தின் பணிதான்.

ஆசிரியரின் வேலையும் இதற்கேற்ப நகரும். பயிற்சியை இயந்திரம் கேட்டு முடித்திருந்தால், ஒவ்வொரு மாணவரும் எந்த ஒலியில், எந்த அமைப்பில் திரும்பத் திரும்பச் சறுக்குகிறார் என்ற பட்டியல் வகுப்புக்கு முன்பே ஆசிரியர் கையில் இருக்கும். அந்த ஒன்றரை நிமிடத்தை இனி நோய் கண்டறிவதில் கழிக்கவேண்டாம், மருந்து கொடுப்பதில் செலவிடலாம். ஆனால் மென்பொருள் வந்துவிட்டதே என்று வகுப்பில் முப்பது பேருக்குப் பதில் அறுபது பேரை அமர்த்தினால் இந்த ஆதாயம் அப்படியே கரைந்துவிடும்.

வாங்கும் முன் கேட்கவேண்டியவை

மாணவரின் குரல் இப்போது யாரோ ஒருவரின் சர்வரில் சேர்கிறது. நாடாக் காலத்தில் அடுத்த மாணவர் பதிந்ததும் முந்தையவர் குரல் அழிந்தது. இன்று அது நிறுவனத்தின் அடுத்த மாதிரிக்குப் பயிற்சித் தரவாகலாம். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதோரின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. பள்ளிகளில் இத்தகைய மென்பொருளை நிறுவுவோர் குரல் பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் கேட்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்பதை எழுத்தில் பெறவேண்டும்.

ஒப்பந்தப்புள்ளிகளில் கணினியின் நினைவகம், ஹெட்செட்டின் தரம், உத்தரவாதக் காலம் எல்லாம் வரி வரியாக இருக்கும். மதிப்பெண் போடும் செவியின் தரத்துக்கும் ஒரு வரி வேண்டும். அதைச் சோதிக்கப் பெரிய ஆய்வுக்குழு தேவையில்லை. கல்லூரி தன் மாணவர் முப்பது பேரின் பேச்சைப் பதிந்து, இரண்டு ஆசிரியர்களைத் தனித்தனியே கேட்கவைக்கட்டும்: எங்கே புரியவில்லை, எங்கே புரிந்தும் சாயல் மட்டும் தெரிந்தது என்று குறிக்கட்டும். அதே பதிவுகளுக்கு மென்பொருள் தரும் மதிப்பெண்ணை அதனோடு வைத்துப் பார்க்கட்டும். ஆசிரியருக்குப் புரியாத இடங்களில் மதிப்பெண் குறைந்தால் அந்தச் செவி பயன்படும். புரிந்த இடங்களிலேயே குறைந்தால், அது அளப்பது மாணவர் எந்த ஊர்க்காரர் என்பதை மட்டுமே; அதற்குக் கல்லூரி பணம் கட்டவேண்டியதில்லை.